உப்புக்கு மேல் கிடக்கும் தண்ணீர்

சேசு மரி சூசை

கேம்பல் பே
1972 செப்டம்பர் 4

மதிப்புக்குரிய மதினிக்கு தாமஸ் எழுதுவது.

கப்பல் காலையில் வந்து வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. சாமான்களைப் படகில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் படகு திரும்புவதற்குள் இந்தக் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த மாதக் கப்பல்தான். ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

லூசி உங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இது இரண்டாவது கப்பல். இரண்டிலும் அவளும் இல்லை, அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முறிந்தது வலது கை, அவளால் எழுத முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது.

முறிந்த கதையை அவள் சொல்லியிருப்பாள். ஓடைக்குப் போகிற பாதை முழுக்கக் களிமண். இந்தத் தீவில் மழை இல்லாத மாதம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். குடத்தை இடுப்பில் வைத்து ஏறும்போது சறுக்கிவிட்டது. இங்கே டிஸ்பென்சரியில் தப்பை வைத்துக் கட்டினார்கள். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட வேண்டுமானால் போர்ட் பிளேர்தான் என்றார்கள். அங்கே அவளுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள். 'காட்டுக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு, என் தங்கையைக் கொண்டுபோக இல்லை' என்று உங்கள் முன்னறையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அனுப்பினேன்.

வீடு நன்றாக இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை, கடல் கூப்பிடு தூரம். பின்னால் நிலம் ஏறிக்கொண்டே போய்க் காட்டில் முடிகிறது. எங்கள் வரிசையில் பஞ்சாபி, மராட்டி, தெலுங்கு, மலையாளி, எல்லாரும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று சர்க்கார் நிலத்துக்கு வந்தவர்கள். தமிழ் பேச லூசிக்கு நான் ஒருவன், எனக்கு அவள் ஒருத்தி. இரண்டு மாதமாக இந்தியில் பேசி, இந்தியில் சண்டை போட்டு, போன வாரம் செபமாலையைக்கூடப் பாதி இந்தியில் சொல்லியிருக்கிறேன்.

போர்ட் பிளேர் ஒன்றும் சீமை இல்லை, பக்கம்தான். கட்டுப் பிரித்ததும் அடுத்த கப்பலில் அவளை அனுப்பிவையுங்கள்.

தாமஸ்


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
1972 செப்டம்பர் 26

திரு. தாமஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு இரண்டு கையும் இருப்பதை நினைவுபடுத்தியதற்கு நன்றி.

லூசியின் கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. குடம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். இனிமேல் என்றார்.

உங்கள் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. போர்ட் பிளேர் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சுவரில் தீவுகளின் படம் ஒன்று தொங்குகிறது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து போர்ட் பிளேருக்கு உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை சுமத்ராவுக்கு. உங்களுக்குப் பக்கத்து ஊர் வேறு தேசத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணைக் கொண்டுபோய் அரை மைல் தண்ணீர் சுமக்க வைத்தீர்கள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. அளந்து எழுதுகிறேன்.

எங்கள் அம்மா இறந்தபோது லூசிக்கு இரண்டு வயது. கான்வென்ட்டில் நான் படித்து முடித்திருந்த வருடம் அது. அவளுக்குத் தலைவாரியது, கோவிலில் முதல் நன்மை வாங்க உடை தைத்தது, உங்களுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னது, எல்லாம் நான்தான். கடைசியது பலிக்கவில்லை.

ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கிற வீட்டுக்கு அவளை நான் அனுப்புவதாக இல்லை. உங்கள் மனையில், அடுப்படிக்குப் பக்கத்தில், குடிக்கத்தக்க தண்ணீர் உண்டாகட்டும். உண்டானதும் எழுதுங்கள். அடுத்த கப்பலில் நானே அவளை ஏற்றிவிடுகிறேன். இது என் வார்த்தை. நான் வார்த்தை கொடுப்பது குறைவு என்பதை என் கணவர் இருந்தால் சொல்வார்.

இந்தக் கடிதத்தை லூசிக்கு வாசித்துக் காட்டினேன். சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்றாள்.

ரோசலின் அடைக்கலசாமி


சேசு மரி சூசை

கேம்பல் பே
1972 அக்டோபர் 30

மதிப்புக்குரிய மதினிக்கு,

'தண்ணீர் உண்டாகட்டும்' என்று ஆண்டவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஆண்டவர் சொன்னால் போதும், எனக்குக் கடப்பாரை வேண்டும். இருந்தாலும் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன். கப்பல் போன மறுநாளே அடுப்படிக்குக் கடல்பக்கமாக இடம் பார்த்துத் தோண்ட ஆரம்பித்துவிட்டேன்.

பட்டாளத்தில் என் வேலையே பாலம் கட்டுவதும் கிணறு வெட்டுவதும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நீங்கள் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ராஜஸ்தான் எல்லையில் எங்கள் கம்பெனி பனைமர ஆழத்துக்கு மேல் போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறது. இங்கே மேலே மணல், அதற்குக் கீழே பவளக்கல் தூள். வெண்ணெய் வெட்டுவது போல இருக்கிறது. பத்தடியில் தண்ணீர் வந்துவிட்டது. குடித்துப் பார்த்தேன். தித்திப்பு. மண்டியிட்டு ஒரு அருள் நிறை மந்திரம் சொன்னேன்.

ஆனால் ஊற்று போதாது. நாலு குடம் எடுத்தால் அடிமணல் தெரிகிறது, அப்புறம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஊற்று சிறியதாக இருந்தால் கீழே போக வேண்டும், போகப் போகப் பெரிதாகும். நாங்கள் கற்ற வேலை இதுதான். ஆகவே தோண்டிக்கொண்டே போகிறேன். கிறிஸ்துமஸுக்குள் இருபத்தைந்து அடி போய்விடுவேன். லூசி வந்து பார்த்தால் வரிசையிலேயே பெரிய கிணறு அவளுடையதாக இருக்க வேண்டும்.

அடுத்த மனைக்காரர் பல்பீர் சிங், முன்னாள் நாயக், நல்ல மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது. தினமும் சாயங்காலம் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, 'தாமஸ் பாய், சுமத்ராவுக்குச் சுரங்கம் வெட்டுகிறாயா, வழியில் எனக்கும் ஒரு கதவு வை' என்பார். நீங்கள் எழுதிய தூரக் கணக்கை அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து உங்களை 'மேப் வாலி தீதி' என்கிறார், படக்காரி அக்கா என்று அர்த்தம். மரியாதையாகத்தான் சொல்கிறார்.

போர்ட் பிளேரிலேயே குழாயில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வருகிறது என்று கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். நானும் ஒரு நிபந்தனை போடலாம். போடவில்லை.

லூசியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாமஸ்


டெய்ரி ஃபார்ம்
1972 நவம்பர் 13

திரு. தாமஸ் அவர்களுக்கு,

தோண்டுவதை உடனே நிறுத்துங்கள்.

முதல் வாக்கியத்திலேயே எழுதிவிட்டேன், நீங்கள் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்கிறவர் என்பதால். இனிக் காரணம்.

என் கணவர் கார் நிக்கோபாரில் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்தபோது மூன்று வருடம் அங்கே குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. குனிந்தால் எட்டிவிடும். கடல் ஏறும்போது கிணற்றுத் தண்ணீரும் ஏறும், கடல் இறங்கும்போது அதுவும் இறங்கும். குடித்தால் உப்பு இல்லை. முதல் வாரம் நான் அதைத் தொடவில்லை. கடலோடு மூச்சுவிடும் தண்ணீர் எப்படி நல்ல தண்ணீராக இருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் கான்வென்ட்டில் மதர் பவளத்தீவுகளைப் பற்றிச் சொன்ன பாடம் நினைவுக்கு வந்தது.

தீவின் மணலுக்கு அடியில் நாலு பக்கத்திலிருந்தும் கடல் புகுந்திருக்கிறது. மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் அந்த உப்புத் தண்ணீரின்மேல் தங்குகிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். பாலின்மேல் ஆடை படிந்திருப்பது போல. நீங்கள் பத்தடியில் கண்டது அந்த ஆடை. ஆடை போதவில்லை என்று கரண்டியை அடிவரை விட்டால் பால்தான் வரும். பாலைவனத்தில் நீங்கள் தண்ணீரைத் தேடிக் கீழே போனீர்கள், அது அங்கே சரி. இங்கே கீழே இருப்பது கடல். அதிலும் கடல்பக்கமாக இடம் பார்த்தீர்களே, அது இரண்டாவது பிழை.

இதை உங்களுக்கு எழுதாமல் இருந்தால் லூசி இங்கேயே இருப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் வந்ததிலிருந்து இந்த வீட்டில் இரண்டு தட்டு வைக்கிறேன். எட்டு வருடம் ஒரு தட்டு வைத்த மேசை. ஆனாலும் தப்பாக வெட்டப்படும் கிணற்றை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வராது. கரும்பலகையில் தவறான விடையை அழிக்காமல் என்னால் வகுப்பைவிட்டு வெளியே போக முடிந்ததில்லை.

லூசி சுகம். இடது கையால் பூத்தையல் போடப் பழகுகிறாள், மோசமாக வருகிறது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள், அங்கே யார் பொங்கிப் போடுகிறார்கள் என்று. கடிதத்தில் அது இல்லை என்றேன்.

ரோசலின் அடைக்கலசாமி


கேம்பல் பே
1972 டிசம்பர் 5

மதினிக்கு,

உங்கள் கடிதம் இறங்கியபோது கிணறு உப்பாகி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இருபதடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கைதட்டினார்கள். பல்பீர் சிங் வெல்லம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். மறுநாள் காலை டீ போட்டுக் குடித்தேன், கண்ணீர் மாதிரி இருந்தது. சர்க்கரை டப்பாவில் யாரோ உப்பைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அவரைத்தான் திட்டினேன். மூன்று நாள் இறைத்துப் பார்த்தேன். இறைக்க இறைக்க அதிகம் கரித்தது. அந்தத் தண்ணீரை விட்ட தென்னங்கன்றுகள் கருகிவிட்டன. பல்பீர் சிங்கின் ஆடு மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. இப்போது யாரும் குழியை எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் சிரித்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

திரும்ப ஓடைக்குத்தான் போகிறேன். ஆண்பிள்ளை தோளில் காவடி கட்டித் தண்ணீர் எடுத்தால் இங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பொங்குவதும் நான்தான், லூசியிடம் சொல்லிவிடுங்கள். சோறு குழைகிறது, பரவாயில்லை.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. பாலாடை, கரண்டி, எல்லாம் சரி. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இவ்வளவும் உங்களுக்கு முன்பே தெரியும். செப்டம்பரில் நிபந்தனை எழுதினீர்களே, அன்றைக்கும் தெரியும். அந்தக் கடிதத்தில் சுமத்ரா தூரம் இருந்தது, அவள் முதல் நன்மை உடை இருந்தது. ஆழமாகத் தோண்டாதே என்று ஒரு வரி ஏன் இல்லை?

நான் தோற்க வேண்டும் என்று நினைத்தீர்களா, மதினி? ஆம் என்றாலும் எழுதுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.

தாமஸ்


டெய்ரி ஃபார்ம்
1972 டிசம்பர் 28

திரு. தாமஸ் அவர்களுக்கு,

நியாயமான கேள்வி. நேரான பதில் இதோ.

நிபந்தனை எழுதிய அன்று நீங்கள் எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் தோண்டவே மாட்டீர்கள் என்று நினைத்தேன். மனம் நொந்து நாலு வரி எழுதுவீர்கள், பிறகு இரண்டு கப்பல் சும்மா போகும், அதற்குப் பிறகு எல்லாரும் பழகிவிடுவோம் என்று நினைத்தேன். உங்களைத் தோற்கடிக்கத் திட்டமிடவில்லை. உங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டில் எது மோசம் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது கிணறு. பழைய குழியில் ஒரு வாளிகூட இனி இறைக்க வேண்டாம். தோண்டிய மணலையே திரும்பப் போட்டு மூடிவிடுங்கள். மழை இறங்க இறங்க உப்பு தானே கீழே போகும், காலம் ஆகும். புதிய இடம் வீட்டுக்குப் பின்னால், நிலம் ஏறத் தொடங்குகிற இடத்துக்குச் சற்று இப்பால் இருக்கட்டும். மலையிலிருந்து கசியும் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில் அங்கே நிற்கும். அடுப்படிக்குப் பக்கம் என்று நான் எழுதியதை வீட்டைச் சுற்றிய எந்த இடமாகவும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கண்டதும் இடுப்பளவுக்கு மேல் இறங்காதீர்கள். ஆழத்துக்குப் பதில் அகலம். குளம் வெட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெட்டுங்கள். சின்ன வாளியால் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எடுங்கள். நடுவில் அது ஓய்வெடுக்கட்டும். பட்டாளத்து மோட்டார் பம்பு ஒன்றும் வேண்டாம்.

மழை குறைகிற மாதங்கள் இனிதான். ஜனவரி கழிந்தும் உப்பு ஏறாமல் இருந்தால் அது கிணறு. அதற்கு முன்னால் மண்டியிட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் ஆயிற்று. கல்யாணமானபின் லூசி என்னோடு இருந்த முதல் கிறிஸ்துமஸ். நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்தோம். ரவையில் கேக் செய்தாள், ஓரம் கருகியது. பாலன் பாட்டைப் பாடும்போது நிறுத்திவிட்டாள், இருமல் என்றாள். அவளுக்கு இருமல் இல்லை.

இங்கே குழாய்த் தண்ணீரைப் பற்றி அக்டோபரில் எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான்.

ரோசலின் அடைக்கலசாமி


சேசு மரி சூசை

கேம்பல் பே
1973 பிப்ரவரி 14

மதிப்புக்குரிய மதினிக்கு,

இந்த மாதம் நல்ல தண்ணீர் என்று சொல்லலாம். சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன இடத்தில், நீங்கள் சொன்ன ஆழத்தில், நீங்கள் சொன்ன அகலத்தில். பல்பீர் சிங் இதைக் கிணறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. எருமை குளிக்கிற பள்ளம் என்கிறார். ஆனால் இப்போது ஓடை பாதி வற்றிவிட்டது, அவர் வீட்டம்மா தினமும் குடத்தோடு இங்கேதான் வருகிறாள். 'மேப் வாலி தீதி'க்கு வணக்கம் சொல்லச் சொன்னார். நான் வெட்டிய கிணறு, வணக்கம் உங்களுக்கு.

கடல் ஏறும்போது கிணற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏறுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஏறுகிறது. உப்பு இல்லை. மழை குறைந்து நாளாகியும் இல்லை. உங்கள் வாயால் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை என்பதால் ஒரு புட்டியில் பிடித்து, கப்பலில் சாப்பாடு பரிமாறும் ஸ்டூவர்டு ஜெகநாதனிடம் கொடுத்தனுப்புகிறேன். நம்ம பக்கத்துப் பையன்தான், மணப்பாடு. படகில் ஏற்றும்போது அலை ஜாஸ்தி. இந்த விரிகுடாவுக்கு வாடைக்காற்று ஆகாது, நேராக முகத்தில் அடிக்கிறது. புட்டி உடைந்து வந்தால் அலையின் குற்றம்.

இன்னொரு விஷயம், இது அவசரம். மார்ச் பதினைந்தாம் தேதி சர்வே. போர்ட் பிளேரிலிருந்து அதிகாரிகள் வந்து மனை மனையாகப் பார்க்கிறார்கள். உரியவன் தன் மனையில் குடியிருக்கிறானா, வெட்டித் திருத்தியிருக்கிறானா என்று பார்த்துப் பட்டா எழுதுவார்கள். அன்றைக்கு ஆள் இல்லாத மனையின் பேரை அடித்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். மெயின்லாண்டுக்குப் போய்த் திரும்பாதவர்கள் நிறைய. நான் இருப்பேன், அதில் சந்தேகம் இல்லை. லூசியும் பக்கத்தில் நின்றால் குடும்பம் என்று தெரியும். மார்ச் ஐந்தாம் தேதி அங்கிருந்து கிளம்பும் கப்பல் சர்வேக்கு முன்னால் வந்துவிடும்.

நிபந்தனை என் பக்கம் முடிந்தது. இனி உங்கள் வார்த்தை.

தாமஸ்


டெய்ரி ஃபார்ம்
1973 மார்ச் 4

தாமஸ் அவர்களுக்கு,

புட்டி உடையாமல் வந்தது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கலங்கல் இல்லை. குடித்தேன். இலை ஊறிய வாசனை கொஞ்சம் இருக்கிறது. உப்பு இல்லை. உள்ளதைச் சொன்னால் எங்கள் குழாய்த் தண்ணீரைவிட மேல்.

மீதியை லூசியிடம் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தாள். நாளைக்குக் கப்பல், பெட்டியை இறக்கி வைத்திருக்கிறேன் என்றேன். கருவாட்டை அலசிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. போகவில்லை என்றாள். தண்ணீரில் குறை கண்டாயா என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

'அக்கா, நீங்களும் அவுகளும் ஆறு மாசமா தண்ணி தண்ணின்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க. நான் ஒரு நாளாவது தண்ணியப் பத்திப் பேசியிருக்கேனா?'

யோசித்துப் பார்த்தேன். பேசியதில்லை.

பிறகு அவளாகவே சொன்னாள். அவளைக் கப்பலேற்றிய அன்று நீங்கள் கடற்கரைக்கு வரவில்லை. நிலத்தை அளக்க ஆபீசர் வந்திருந்தார், நீங்கள் மனையில் நிற்க வேண்டியிருந்தது. தப்பை கட்டிய கையோடு அவளைப் படகில் ஏற்றியது பல்பீர் சிங்கின் மனைவி. கப்பலுக்குப் பக்கத்தில் படகு தூக்கிப் போட்டபோது ஏணியைப் பிடிக்க ஒரு கைதான் இருந்தது. யாரோ ஒரு கூலியாள் அவளைத் தோளில் போட்டு மேலே கொண்டுபோனான். வழி நெடுகிலும், ஒவ்வொரு தீவிலும் கப்பல் நின்றபோது, ஏன் தனியாக வருகிறாய் என்று யாராவது கேட்டார்கள். வீட்டுக்காரருக்கு வேலை என்று சொன்னாளாம். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி, போர்ட் பிளேர் வந்து சேர்வதற்குள் தனக்கே அதைக் கேட்கச் சகிக்காமல் போனதாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் பட்டாளம் உங்களை எத்தனையோ முறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அது ஆணை. இது நிலம்.

'வந்து கூப்பிட்டா போவேன்' என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னிடம் எழுதச் சொல்லவில்லை. இதையும் எழுதச் சொல்லவில்லை.

இனி என் திருத்தம். செப்டம்பர் 26 தேதியிட்ட கடிதத்தில் நான் விதித்த நிபந்தனை லூசியுடையது அல்ல. என்னுடையது. எழுதிமுடித்து அவளுக்கு வாசித்தேன், எழுதுவதற்கு முன்னால் கேட்கவில்லை. சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் வகுப்பில் ஒரு பெண் அப்படிச் செய்திருந்தால் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன். நீங்கள் இரண்டு கிணறு வெட்டியது நான் தவறாகக் கேட்ட கேள்விக்கு.

சர்வே தேதியைப் படித்தேன். இந்தக் கப்பல் உங்களிடம் வந்து திரும்பும். அதில் நீங்கள் ஏறினால் பதினைந்தாம் தேதி உங்கள் மனையில் ஆள் இருக்காது. இங்கிருந்து அதற்குமுன் வேறு கப்பல் இல்லை, விசாரித்துவிட்டேன். ஏறும்படி நான் சொல்லப்போவதில்லை. ஏற வேண்டாம் என்றும் சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தில் நான் போதுமான அளவு சொல்லியாயிற்று.

ரோசலின்


சேசு மரி சூசை

கப்பலில்
1973 மார்ச் 12

மதினிக்கு,

படகில் லூசி இருப்பாள் என்று சவரம் செய்துவிட்டுக் கரையில் நின்றேன். அரிசி மூட்டையும், தகரமும், ஒரு கம்பவுண்டரும், உங்கள் கடிதமும் வந்தன. ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து படித்தேன். கடைசிவரை படித்தேன், மடித்து வைக்கவில்லை. பிறகு பல்பீர் சிங்கைக் கூப்பிட்டு, நான் போகிறேன் என்றேன்.

எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். சர்வே முடியட்டும், அடுத்த மாதம் போ, பெண்பிள்ளை ஓடியா போகப்போகிறாள் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நிலத்துக்காக நாங்கள் எல்லாரும் பட்ட பாடு ஒன்றுதான். அடுத்த மாதம் போனால், பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டுதானே வந்தாய் என்று அவள் கேட்பாள் என்றேன். கேட்கமாட்டாள் என்றார். ஆமாம், கேட்கமாட்டாள், அதுதான் என்றேன். அவர் தாடியைத் தடவினார். 'சரி, உன் மனையிலும் நான் நிற்கிறேன், என் மனையில் என் சம்சாரம் நிற்பாள், ஆபீசருக்கு சர்தார் எல்லாம் ஒரே முகம்' என்றார். அது நடக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பேரை அடித்தாலும் அடிப்பார்கள். திரும்பிப் போய் மனுக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டி எடுக்க நேரமில்லை. உடுத்திய துணியோடு ஏறிவிட்டேன். ஜெகநாதன் ஒரு சட்டை கொடுத்தான், அதன் கை எனக்குக் குட்டை.

அவளைக் கப்பலேற்றிய அன்றைக்கு எல்லாம் லூசி சொன்னபடியேதான் நடந்தது. ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. நான் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து படகு போவது நன்றாகத் தெரியும். அவள் பச்சைச் சேலை தெரிந்தது. அவள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஆபீசர் நீள அகலம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் 'ஜீ சாப், ஜீ சாப்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கி ஆட்டியிருக்கலாம். அதற்கு ஆபீசர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆட்டவில்லை.

வருகிற வழியில் ஒவ்வொரு தீவிலும் கப்பல் நின்றது. கார் நிக்கோபாரில் ஒரு கிழவர் என்னிடம், தனியாகவா போகிறாய், குடும்பம் எங்கே என்று கேட்டார். கூப்பிடத்தான் போகிறேன் என்றேன்.

நாளை விடிந்ததும் துறைமுகத்தில் இறங்கி நேரே உங்கள் வீட்டுக்கு நடந்து வருகிறேன். இதையெல்லாம் உங்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் நீங்கள் திருத்துவீர்கள், நான் மீதியை மறந்துவிடுவேன். ஆகவே எழுதிக்கொண்டு வந்து கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நீங்கள் படித்து முடிக்கும் வரைக்கும் படியில் உட்கார்ந்திருப்பேன். தட்டமாட்டேன், சத்தம் கொடுக்கவும் மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவேன்.

நான் வந்திருப்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள், மதினி. கதவை அவள் திறக்கட்டும்.

தாமஸ்